கடலுக்கு மென்பொருள், மலைக்குக் கைவிளக்கு!

புதுதில்லி: ஆந்திர முதல்வராக இருந்த ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி, 2009 செப்டம்பர் 2-ம் தேதி காலை 8.38 மணிக்கு ஹைதராபாத் பேகம்பேட்டை விமான நிலையத்திலிருந்து ஹெலிகாப்டரில் புறப்பட்டார். சித்தூர் மாவட்டத்தில் "ரச்சபண்டா" என்ற மக்கள் குறைகேட்பு நிகழ்ச்சியைத் தொடங்கிவைப்பதற்காக அவர் சென்றுகொண்டிருந்தார். காலை 9.27 மணிக்குப் பிறகு அந்த ஹெலிகாப்டருடன் தொடர்பு இல்லை. அது எங்கே விழுந்து கிடக்கிறது என்று கண்டுபிடிக்க ஏறத்தாழ 23 மணி நேரம் ஆயிற்று.

அதில் இருந்தவர்கள் முதல்வர், அவரது செயலர், தலைமைப் பாதுகாப்பு அதிகாரி, இரு விமானிகள் என ஐந்து பேர். மறுநாள் காலை நல்லமலைக் காட்டில், ருத்ரகொண்டா மலைப் பகுதியில் ஹெலிகாப்டரின் சிதைவுகளை விமானப் படை ஹெலிகாப்டர் ஒன்று கண்டது. ஐவரில் எவரும் உயிருடன் இல்லை. மோதிய வேகத்தில் ஐவரும் இறந்திருக்கக்கூடும் என்பதால், தேடுதல் விரைவாக நடந்திருந்தால் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று இந்த விபத்தை வைத்து வாதிட இயலாது. ஆனால், ஒரு மாநில முதல்வரைத் தேடுவதற்கு நாட்டின் அத்தனை வசதிகளும் ஒரே நாளில் திரண்ட நிகழ்வு அது. அந்த வசதிகளால் என்ன முடிந்தது, என்ன முடியவில்லை என்பதை அறிய அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது.

அன்று திரண்டவை எவை? இஸ்ரோவின் ராடார் படச் செயற்கைக்கோளான ரிசாட்-2, ஹைதராபாதில் உள்ள தேசிய தொலையுணர்வு மையத்தின் விமானம், விமானப் படையின் ஹெலிகாப்டர்கள், இரவில் பறந்த சுகோய்-30 போர் விமானம், மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர், ஆந்திரத்தின் "கிரேஹவுண்ட்ஸ்" சிறப்புப் படையினர், வனத் துறை, வருவாய்த் துறை, இவர்களோடு காட்டின் ஒவ்வொரு ஓடையையும் அறிந்த மலைவாழ் மக்கள். ரிசாட்-2 அதே ஆண்டு ஏப்ரல் 20-ம் தேதிதான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டிருந்தது. மேகத்தையும் இருளையும் ஊடுருவிப் படமெடுக்கக் கூடியது என்பதால் நம்பிக்கை அதன்மேல் குவிந்தது. ஆயினும், அடர்ந்த மரங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் சிறு உலோகத் துண்டுகளைப் பாறையிலிருந்து பிரித்தறிவது எந்த ராடாருக்கும் எளிதன்று. கடைசியில் கண்டுபிடித்தது, வானம் வெளுத்த பிறகு தாழப் பறந்த ஹெலிகாப்டரில் இருந்தவர்களின் கண்கள்தாம்.

முதல் சில மணி நேரம் இன்னொரு வகையிலும் வீணாயிற்று. முதல்வர் பத்திரமாகத் தரையிறங்கிவிட்டார், சாலை வழியாக வந்துகொண்டிருக்கிறார் என்ற தகவல் அன்று காலை பரவியது. இதே விபரீதம் 2011-லும் நிகழ்ந்தது. அருணாசலப் பிரதேச முதல்வர் தோர்ஜி காண்டு சென்ற ஹெலிகாப்டர் ஏப்ரல் 30-ம் தேதி தவாங்கிலிருந்து புறப்பட்டுக் காணாமற்போனபோது, அவர் பாதுகாப்பாக இறங்கிவிட்டதாக முதலில் கூறப்பட்டது. ஐந்தாம் நாளில் சிதைவுகளைக் கண்டவர்கள் உள்ளூர் மக்கள். தகவலை யார் சொன்னார், எத்தனை மணிக்குச் சொன்னார், யார் சரிபார்த்தார் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை எழுதப்படாத இடத்தில் வதந்தி அரசாங்க அறிவிப்பாகிவிடுகிறது. தேடுதலுக்கு முதல் தேவை வரைபடம் அல்ல, இந்தப் பதிவேடுதான் என்பதைத் தில்லியில் பலர் அறிவதில்லை.

தேடுதலின் கணக்கு:

மலையில் ஒருவரைத் தேடுவது கால்வலியும் கண்வலியும் கொண்ட வேலை என்பது உண்மை. அதற்கு அடியில் ஒரு கணக்கும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்காக அமெரிக்கக் கடற்படையில் உருவான கணக்கு அது.

காணாமற்போனவர் இருக்கக்கூடிய மலைப்பகுதியை நான்கு துண்டுகளாகப் பிரிப்பதாகக் கொள்வோம். கடைசியாகக் கண்ட இடம், நிலத்தின் அமைப்பு, வழித்தடம் ஆகியவற்றைப் பார்த்து முதல் துண்டில் இருக்க 40 விழுக்காடு, இரண்டாவதில் 30, மூன்றாவதில் 20, நான்காவதில் 10 விழுக்காடு வாய்ப்பு என்று அனுபவசாலிகள் மதிப்பிடுகிறார்கள். முதல் துண்டில் ஒரு குழு போய்த் தேடுகிறது. புதர்க்காடு என்பதால், அங்கே ஆள் இருந்தால் அவர்கள் கண்ணில் படுவதற்கு 70 விழுக்காடுதான் வாய்ப்பு. ஆள் கிடைக்கவில்லை. இப்போது முதல் துண்டைக் கைவிட்டுவிடலாமா? கூடாது. அதில் இருந்த 40-ல் 12 இன்னும் மிச்சமிருக்கிறது. ஆனால், மொத்தம் 100-லிருந்து 72 ஆகக் குறைந்துவிட்டதால், பங்குகளை மறுபடி கணக்கிட்டால் முதல் துண்டுக்கு ஏறக்குறைய 17, இரண்டாவதுக்கு 42, மூன்றாவதுக்கு 28, நான்காவதுக்கு 14 விழுக்காடு என்று வருகிறது. அடுத்த குழு போகவேண்டிய இடம் இரண்டாவது துண்டு. அங்கும் இல்லையெனில் மீண்டும் கணக்கு.

நான்கு துண்டுகளுக்கு இதைக் காகிதத்தில் போடலாம். அறுபது துண்டுகள், இருபது குழுக்கள், ஒரு ஹெலிகாப்டர், மழை, மூன்று நாள்கள் என்றால் மனித மூளையால் இயலாது. அதைத்தான் கணினி செய்கிறது. அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2007-ல் கொண்டுவந்த "சாராப்ஸ்" மென்பொருள் கடலில் இதைச் செய்கிறது. மலைகளில் பணியாற்றும் அமெரிக்கத் தன்னார்வக் குழுக்கள் "சார்டோப்போ" என்ற வரைபட மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு குழுவின் கைப்பேசியும் தான் நடந்த பாதையைக் கோடாக வரைந்துகொண்டே போகிறது. முகாமில் இருப்பவர் எந்தப் பள்ளத்தாக்கில் கோடு விழவில்லை என்பதைத் திரையில் பார்த்துவிடலாம். தொலைத்தொடர்பு இல்லாத இடத்தில் கருவி பதிந்துவைத்துக்கொண்டு, முகாம் திரும்பியதும் கொடுத்துவிடும்.

பிரிட்டனின் மலை மீட்புக் குழுக்களிடம் இன்னும் எளிய ஒன்று உண்டு. வழிதவறியவர் போன் செய்தால், அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். அதில் உள்ள இணைப்பைத் தொட்டால் அவர் நிற்கும் இடத்தின் ஆயத்தொலைவுகள் மீட்புக் குழுவின் திரைக்கு வந்துவிடும். "சார்லாக்" என்பது அதன் பெயர். பல வேளைகளில் தேடுதலே தேவைப்படாமல், நேரே போய் அழைத்துவந்துவிடுகிறார்கள்.

கணக்கை நம்பாததால் நேர்ந்த இழப்புக்கும் 2009-ம் ஆண்டே சான்று. ராஜசேகர ரெட்டி மறைவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், ஜூன் 1-ம் தேதி, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் விமானம் 228 பேருடன் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. கருப்புப் பெட்டியின் ஒலியைக் கேட்டறியும் கருவிகளோடு ஒரு பகுதியைச் சலித்துவிட்டு, அங்கே இல்லை என்று முடிவுகட்டிப் பிற பகுதிகளுக்குப் போனார்கள். இரண்டு ஆண்டுகள் கடந்தன. ஒலியெழுப்பும் கருவியே பழுதாகியிருந்தால் என்ன என்ற கேள்வியோடு ஓர் அமெரிக்க நிறுவனம் நிகழ்தகவை மறுபடி கணக்கிட்டபோது, "பார்த்தாகிவிட்டது" என்று ஒதுக்கிய பகுதியே முதலிடத்துக்கு வந்தது. 2011 ஏப்ரலில் அங்கே தேடத் தொடங்கிய சில நாள்களில் சிதைவுகள் கிடைத்தன.

ஒலிக்காத அபாயக் குரல்:

இத்தனை தேடுதலும் எதற்கு, விமானமே தான் விழுந்த இடத்தைச் சொல்லிவிடாதா என்று வாசகர்கள் கேட்கலாம். சொல்லவேண்டும். அதற்கான அபாய ஒலிபரப்புக் கருவிகள் உண்டு. அவற்றின் குரலைச் செயற்கைக்கோள்கள் கேட்டுத் தரைநிலையங்களுக்குச் சொல்லும் காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு ஏற்பாடு 1982-லிருந்து உயிர்களைக் காத்து வருகிறது. இந்தியாவும் அதில் பங்குதாரர். பெங்களூரிலும் லக்னோவிலும் தரைநிலையங்கள், பெங்களூரில் இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையம் உள்ளன.

பழைய கருவிகள் 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வெறும் ஒலியை மட்டுமே எழுப்பின. யாருடைய கருவி என்று அதிலிருந்து தெரியாது. பொய்யான எச்சரிக்கைகளும் மிகுதி. எனவே, 2009 பிப்ரவரி 1-ம் தேதி முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதை நிறுத்திவிட்டன. 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் புதிய கருவிகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அடையாள எண்ணை அனுப்புகின்றன. இடத்தையும் சில கிலோமீட்டருக்குள் சுட்டுகின்றன. நல்லமலையில் விழுந்த ஹெலிகாப்டரிலிருந்து தேடுவோருக்கு உதவக்கூடிய எந்தச் சமிக்ஞையும் கிடைக்கவில்லை. பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2019 ஜூன் 3-ம் தேதி ஜோர்ஹாட்டிலிருந்து மெச்சுகாவுக்குப் பறந்த விமானப் படையின் ஏ.என்.-32 விமானம் 13 பேருடன் அருணாசல மலையில் விழுந்தபோதும் இதே மெளனம்தான். லிப்போ என்ற கிராமத்துக்கு வடக்கே ஏறத்தாழ 12 ஆயிரம் அடி உயரத்தில் அதை ஹெலிகாப்டரிலிருந்து கண்டது ஜூன் 11-ம் தேதி. இடைப்பட்ட நாள்களில் செயற்கைக்கோள்களும், கடற்படையின் நெடுந்தூர விமானங்களும் முயன்று பார்த்தன.

ராஜசேகர ரெட்டியின் விபத்தை விசாரித்த ஆர்.கே. தியாகி குழு, கியர்பெட்டி எண்ணெய் அழுத்தக் கோளாறுக்கான விதிமுறையைக் கையேட்டில் தேடுவதில் விமானிகள் ஆறு நிமிடங்களுக்கு மேல் கவனத்தைச் செலவிட்டதையும், அதற்குள் ஹெலிகாப்டர் கடும் மேகத்துக்குள் நுழைந்து கீழ்நோக்கிய காற்றில் சிக்கியதையும் விவரித்தது. அக்குழுவின் அறிக்கையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. தேடுதலைப் பற்றி அந்த அளவுக்கு எவரும் எழுதவில்லை.

ஏழுமலையின் மறுபக்கம்:

முதல்வரின் ஹெலிகாப்டர் போய்ச் சேரவேண்டிய திசையில் இருப்பது சேஷாசலம். நல்லமலையைப் போலவே அதுவும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருமலைக்குச் சாதாரண நாள்களிலேயே 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்தர்கள் வருகிறார்கள். அவர்களில் கணிசமானோர் நடந்தே ஏறுகிறவர்கள். அலிபிரி வழியில் 3,550 படிகள், ஏறத்தாழ 9 கி.மீ. ஸ்ரீவாரி மெட்டு வழி அதைவிடக் குறுகியது. தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு போகிறவர்கள் இந்தப் படிகளை வீட்டுத் திண்ணை போலவே கருதுகிறார்கள். ஆனால், படிக்கட்டின் கூரையைவிட்டு இருபது அடி நகர்ந்தால் காடு. அந்தக் காடு 1989-லிருந்து ஸ்ரீவேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா. 2010-லிருந்து சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம்.

2023 ஜூன் மாதம் இதே வழியில் ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்விச் சென்றது. கூட இருந்தவர்கள் கூச்சலிட்டுத் துரத்தியதால் விட்டுவிட்டு ஓடியது, சிறுவன் பிழைத்தான். ஆகஸ்ட் 11-ம் தேதி இரவு ஆறு வயதுச் சிறுமி பெற்றோரோடு ஏறிக்கொண்டிருந்தபோது காணாமற்போனாள். போலீஸாரும் வனத் துறையினரும் இரவு முழுவதும் தேடினார்கள். உடல் மறுநாள் காலையில் லட்சுமி நரசிம்மர் கோயில் அருகே கிடைத்தது.

அதன் பிறகு திருமலை திருப்பதி தேவஸ்தானமும் வனத் துறையும் நடவடிக்கை எடுத்தன. பிற்பகல் 2 மணிக்கு மேல் சிறுவர்கள் நடந்து செல்லத் தடை விதிக்கப்பட்டது. தானியங்கிக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. கூண்டுகள் வைத்துச் சில சிறுத்தைகள் பிடிக்கப்பட்டன. பக்தர்களுக்குக் கைத்தடி கொடுக்கும் யோசனை நாடு முழுவதும் கேலிக்கு உள்ளானது. கேலி செய்தவர்களில் எத்தனை பேர் இருட்டில் அந்தப் படிகளில் ஏறியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

2025-ல் திருமலையில் செயற்கை நுண்ணறிவுடன் இயங்கும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையத்தை முதல்வர் சந்திரபாபு நாயுடு தொடங்கிவைத்தார். கூட்டத்தை எண்ணவும், முகத்தை அடையாளம் காணவும் அதனால் முடியும். வரிசையில் பிரிந்துபோன குழந்தையைக் கண்டுபிடிக்க அது பெரிதும் உதவும். ஆனால், கேமரா இருக்கும் இடத்தில்தான் கேமரா பார்க்கும். படியிலிருந்து இறங்கிக் காட்டுக்குள் சென்றவரைத் தேடுவது முற்றிலும் வேறு வேலை. அதற்கு முன்சொன்ன கணக்கு வேண்டும்.

மலை எப்போதும் ஒரே மாதிரி இருப்பதுமில்லை. 2021 நவம்பரில் கொட்டிய மழையில் ஸ்ரீவாரி மெட்டுப் பாதை சிதைந்து, 2022 மே மாதம் வரை மூடப்பட்டிருந்தது. 2021 டிசம்பர் 1-ம் தேதி இரண்டாவது மலைப்பாதையில் பெரும் பாறைகள் உருண்டு விழுந்தன. பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு குழுக்களை அனுப்பினால், இல்லாத பாதையில் அவர்களை நடக்கச் சொல்வதாகும். இதற்கு வெளிநாட்டை நம்பத் தேவையில்லை. இஸ்ரோவின் "புவன்" வரைபடச் சேவை 2009 ஆகஸ்ட் 12-ம் தேதி, அதாவது நல்லமலை விபத்துக்கு மூன்று வாரம் முன்பு தில்லியில் தொடங்கிவைக்கப்பட்டது. மழைக்குப் பிந்தைய படங்களை எடுத்துத்தரும் திறன் நம்மிடமே இருக்கிறது.

நம்மிடம் இல்லாதது வேறொன்று. காணாமற்போனவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு மேலை நாடுகளில் பல்லாயிரம் சம்பவங்களைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். சிறு குழந்தை எவ்வளவு தூரம் போகும், மறதி நோயுள்ள முதியவர் எங்கே நின்றுவிடுவார், வேட்டைக்குப் போனவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று ஒவ்வொரு வகையினருக்கும் புள்ளிவிவரம் உண்டு. மென்பொருளின் முதல் மதிப்பீடு அதிலிருந்துதான் பிறக்கிறது. நமது காட்டில் தொலைபவர்கள் வேறு வகை: தும்புரு தீர்த்தத்துக்குப் பெளர்ணமியில் கூட்டமாகப் போகிறவர், மாடு தேடிப் போனவர், தேன் எடுப்பவர், சென்னையிலிருந்து வார இறுதியில் தலக்கோணாவுக்கும் நாகலாபுரத்துக்கும் வரும் இளைஞர்கள். செம்மரம் வெட்டக் கூலிக்கு அழைத்துவரப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் காணாமற்போனால் புகார் கொடுக்கவே குடும்பத்தினர் அஞ்சுவார்கள். இவர்களைப் பற்றிய பதிவுகள் காவல் நிலையப் பொதுக் குறிப்பேடுகளில் இருக்கின்றன. அவற்றைத் தொகுத்து அட்டவணையாக்கினால் ஒரு பல்கலைக்கழக ஆய்வு மாணவருக்கு மூன்றாண்டு வேலை. அது நடக்காமல் எந்த மென்பொருளை இறக்குமதி செய்தாலும், வெளிநாட்டு மலையில் நடப்பவரின் கால்தடத்தை வைத்து நம்மவரைத் தேடுவதாகவே முடியும்.

எத்தனை பேர் போனார்கள் என்பதே தெரியாத நிலையும் உண்டு. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீ மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்தபோது, மேலே இருப்பவர்களின் எண்ணிக்கை அன்றிரவு மாறிக்கொண்டே இருந்தது. 23 பேர் உயிரிழந்த அந்தத் துயரத்துக்குப் பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழக வனத் துறை 40 மலையேற்றப் பாதைகளுக்கு இணையவழி முன்பதிவைத் தொடங்கியது. யார், எந்தப் பாதையில், எந்த நாளில் என்ற பட்டியல் இப்போது புறப்படும் முன்பே கணினியில் இருக்கிறது. சுற்றுலாவுக்காக வந்த ஏற்பாடு என்றாலும், தேடுதலுக்கு இதுவே முதல் ஆவணம்.

சட்டத்தில் ஓர் இடைவெளி:

கடலில் ஒரு மீனவர் படகு காணாமற்போனால் பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் இல்லை. கடலோரக் காவல் படை. அதற்கு மேல் 2002-ல் அமைக்கப்பட்ட தேசிய கடல்சார் தேடல்-மீட்பு வாரியம். ஹைதராபாதில் உள்ள "இன்காய்ஸ்" நிறுவனம் 2016-ல் "சாரட்" என்ற கணினி உதவிக் கருவியை வெளியிட்டது. படகு கடைசியாக எங்கே, எப்போது காணப்பட்டது என்று கொடுத்தால், காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கிட்டு, தேடவேண்டிய பகுதியை வரைபடத்தில் காட்டும். தமிழ் உள்ளிட்ட கடலோர மொழிகளில் அது கிடைப்பது பாராட்டத்தக்கது. விமானம் காணாமற்போனால் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் சென்னையில் இருக்கிறது.

மலையில் ஒரு மனிதர் காணாமற்போனால்? காவல் நிலையத்தில் "ஆள் காணவில்லை" என்ற புகார். 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், சமூகத்தின் தாங்கும் சக்தியை மீறிய பெரும் இழப்பையே பேரிடர் என்கிறது. ஒரு சிறுமி காட்டுக்குள் மறைவது அந்த வரையறைக்குள் வராது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், எந்த அவசரத்திலும் ஒரே தலைமை, ஒரே பதிவேடு, பொறுப்புப் பங்கீடு என்று நல்ல அமைப்பைத்தான் வகுத்துள்ளன. அவை பெரும்பாலும் வெள்ளத்துக்கும் புயலுக்குமே எடுக்கப்படுகின்றன.

இச்சட்டத்துக்கான திருத்த மசோதா 2024 டிசம்பரில் மக்களவையிலும், 2025 மார்ச்சில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. தேசிய அளவிலும் மாநில அளவிலும் பேரிடர் தரவுத் தளம் அமைக்க அது வழிசெய்கிறது. சேத மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, செலவு, ஆயத்தத் திட்டங்கள் போன்றவை அதில் இடம்பெறும். தேடுதல் பதிவுகளையும் அதில் சேர்க்கத் தனிச் சட்டம் தேவையில்லை. விதிகளில் ஒரு வரி போதும் என்றே தோன்றுகிறது. அவையில் இரு தரப்பினரும் மாநிலங்களின் அதிகாரம் பற்றியும் நிதி பற்றியும் வாதிட்டதற்கு இடையே அந்த ஒரு வரியைக் கேட்க ஆளில்லாமற் போயிற்று.

ஆள் பலத்துக்கும் குறைவில்லை. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. அங்கிருந்து திருப்பதி சில மணி நேரத் தொலைவுதான். அந்தப் படை வந்து இறங்கும்போது, அதுவரை தேடிய வனக் காவலர்களும் கிராமத்தாரும் எந்த ஓடை வரை போய்த் திரும்பினார்கள் என்பது ஒரு திரையில் தெரியுமா, அல்லது ஆளுக்காள் வாய்மொழியாகக் கேட்டறிய வேண்டுமா என்பதில்தான் முதல் இரவின் பயன் அடங்கியிருக்கிறது.

2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு திருப்பதி தனி மாவட்டமானது. ரிசாட்-2 ஏவப்பட்ட ஸ்ரீஹரிகோட்டாவை உள்ளடக்கிய சூலூர்ப்பேட்டைப் பகுதியும் அதில் சேர்ந்தது. சேஷாசல மலை இன்று திருப்பதி, கடப்பா உள்ளிட்ட மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. தும்புரு தீர்த்தத்துக்கு அப்பால் வழிதவறிய ஒருவர் ஒரு முகட்டைத் தாண்டி மறுபுறம் இறங்கினால், அவரைத் தேடும் பொறுப்பு ஓர் ஆட்சியரிடமிருந்து இன்னோர் ஆட்சியருக்குப் போய்விடும். இரு அலுவலகங்களும் ஒரே வரைபடத்தைப் பார்க்கும் ஏற்பாடு சட்டப்படி இன்னும் எவருடைய பொறுப்பிலும் இல்லை.